பின்பக்கத்து ஊளை

பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 வாங்கியிருக்கிறீர்களா? 1989-இல் அறிமுகமான இந்த இரண்டு சீட்டு ஜப்பான் கார், பின்சக்கர இழுவையில் ஓடுவது. பின்னாலிருந்து சத்தம் வந்தால் ரேடியோவை அணைத்துவிட்டுக் காதைக் கொடுங்கள். ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஊளையிட்டு, காலை எடுத்ததும் சத்தம் மாறினால் டிஃபரன்ஷியல் பல்சக்கரத்தைச் சந்தேகிக்கலாம். வளைவில் திரும்பும்போது மட்டும் உறுமல் கூடினால், பெரும்பாலும் அது சக்கர பேரிங். இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் டிஃபரன்ஷியலைக் கழற்றுவது வீண் செலவு.

அடுத்தது டிஃபரன்ஷியல் ஆயில். ஊற்றும் வாயின் மேல் போல்ட் கழல்கிறதா என்று பார்த்த பிறகே கீழ் போல்ட்டைத் திறங்கள். மேலே துருப்பிடித்து இறுகியிருந்தால், வடித்த பிறகு புது ஆயில் ஊற்ற வழியிருக்காது. வடிந்ததை விரலில் தேய்த்துப் பாருங்கள். மை போன்ற சாம்பல் நிறப் பசை சாதாரணத் தேய்மானம். நெருடும் இரும்புத் துணுக்கு வந்தால், டிஃபரன்ஷியலைப் பிரித்தே ஆகவேண்டும்.