வீட்டுக் கதவும் முகநூல் கதவும்



லயன் வீடுகளில் வாழ்ந்தவர்களுக்கு, குடும்ப விஷயத்தைக் குடும்பத்துக்குள் வைத்துக்கொள்வது எவ்வளவு கடினம் என்று நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையே ஒரு பலகைச் சுவர்தான். இங்கே தாளிக்கும் வாசனை அங்கே போகும்; இங்கே பேசும் பேச்சும் போகும். அதனால்தான் நம் பெரியவர்கள் சம்பளம், கடன், பெண்ணுக்கு வரன் பார்ப்பது ஆகியவற்றைக் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். "பகலில் பக்கம் பார்த்துப் பேசு; இரவில் அதுவும் பேசாதே" என்று பிள்ளைகளுக்கும் சொல்லி வைத்தார்கள்.

அதே குடும்பங்களில் இன்று ஆளுக்கொரு கைத்தொலைபேசி இருக்கிறது. முகநூல் இருக்கிறது, வாட்ஸ்அப் இருக்கிறது. அடுத்த வீட்டுக்கே கேட்கக் கூடாது என்று நாம் நினைத்த செய்திகளை, முகம் தெரியாதவர்கள் பார்க்கும்படி நாமே எழுதிவிடுகிறோம். இதனால் என்ன தீங்கு என்று கேட்பீர்கள். ஓர் உதாரணம் சொல்கிறேன்.

செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு தாய், மகளின் பிறந்தநாள் படத்தை முகநூலில் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளை பள்ளிச் சீருடையில் நிற்கிறாள். சட்டையில் பெயரும் பள்ளியின் சின்னமும் இருக்கின்றன. கேக்கின் மேல் வயது இருக்கிறது. உறவினர்கள் வாழ்த்துகிறார்கள். ஒருவர் "மாமாவின் ஆசிகள்" என்கிறார். மற்றொருவர் "சித்தியின் முத்தம்" என்கிறார். நமக்கு இது அன்பு. திருடனுக்கோ இது குடும்ப அட்டவணை. யாருக்கு யார் என்ன உறவு என்பதை நாமே அவனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம்.

நம் அடையாள அட்டை எண்ணைப் பாருங்கள். மொத்தம் 12 இலக்கங்கள். முதல் ஆறு, பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த இரண்டு, பிறந்த இடத்தைக் காட்டும். பேராக் என்றால் 08, சிலாங்கூர் என்றால் 10. கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. ஆகவே, பிறந்த தேதியையும் ஊரையும் சொன்னவர், அட்டையின் பெரும்பகுதியைக் காட்டிவிட்டார் என்றே பொருள்.

சில நாள் கழித்து அந்தத் தாய்க்கு ஒரு செய்தி வருகிறது. தம்பியின் படம்தான் இருக்கிறது. "அக்கா, இது என் புது எண். எனக்கு வரவேண்டிய ஆறு இலக்கக் குறியீடு தவறி உன் தொலைபேசிக்கு வந்துவிட்டது. அனுப்பு அக்கா." தம்பிதானே என்று அவர் அனுப்புகிறார். உண்மையில் அது அவருடைய வாட்ஸ்அப்பைத் திறக்கும் சாவி. அவர் வெளியே; திருடன் உள்ளே. அவர் பெயரிலேயே மாமாவுக்கும் சித்திக்கும், "அவசரம், ஐந்நூறு வெள்ளி அனுப்புங்கள்" என்று செய்தி போகிறது. பணம் போனதோடு முடிவதில்லை. உறவுக்குள் சந்தேகமும் மனக்கசப்பும் வருகின்றன.

தொலைபேசி எண் திருடனுக்கு எப்படிக் கிடைக்கும்? பலர் முகநூலிலேயே எழுதி வைக்கிறார்கள். தவிரவும், 2017-இல் நம் நாட்டில் 4 கோடி 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கைத்தொலைபேசிக் கணக்குகளின் விவரங்கள் கசிந்தது வெளிச்சத்துக்கு வந்தது. நாட்டின் மக்கள்தொகையைவிட அது அதிகம்.

திருடர் மட்டும்தான் ஆபத்து என்று எண்ணவேண்டாம். முகநூல் நம்மிடம் காசு வாங்குவதில்லை. விளம்பரங்களே அதன் முக்கிய வருமானம். எதை விரும்புகிறோம், எதைப் பார்க்கிறோம் என்பதைக் கவனித்து, அதற்கேற்ற விளம்பரத்தை நம் முன் வைக்கிறது. இதில் வரம்பு மீறப்பட்டதும் உண்டு. "உங்கள் குணம் என்ன?" என்று சோதிக்கும் ஒரு செயலியில் ஏறக்குறைய 2 லட்சத்து 70 ஆயிரம் பேர் சேர்ந்தார்கள். அவர்களுடைய நண்பர்களின் விவரங்களும் சேர்த்து எடுக்கப்பட்டன. 8 கோடி 70 லட்சம் பேர்வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று 2018-இல் முகநூல் நிறுவனமே கூறியது. அவ்விவரங்கள் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்னும் அரசியல் ஆலோசனை நிறுவனத்துக்குப் போயிருந்தன. 2019-இல் அமெரிக்க அரசு ஆணையம் முகநூலுக்கு 500 கோடி டாலர் அபராதம் விதித்தது. ஒருவர் கதவைத் திறந்தால், அவரை நம்பிய நூறு பேரின் வீடும் திறந்துவிடுகிறது என்பதே இதில் நமக்குள்ள பாடம்.

சட்டம் காப்பாற்றாதா? மலேசியாவில் 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பரில் அமலுக்கு வந்தது. வாணிபம் செய்வோர் நம்மைப் பற்றி வைத்திருக்கும் விவரத்தைக் கேட்டுப் பார்க்கவும், தவறிருந்தால் திருத்தச் சொல்லவும் அது உரிமை தருகிறது. ஆனால், அது வாணிபத்துக்கான சட்டம். நம் படத்தை எடுத்து வேறு குழுவுக்கு அனுப்பும் பக்கத்து வீட்டுக்காரரை அது தொடாது. ஆகையால் முதல் காவல் நம் கையில்தான்.

நான்கு காரியங்களை இன்றிரவே செய்யுங்கள். ஒன்று, முகநூலில் உங்கள் படங்களைப் "பொது" என்பதிலிருந்து "நண்பர்கள்" என்பதற்கு மாற்றுங்கள். இரண்டு, பிறந்த தேதியையும் தொலைபேசி எண்ணையும் மறைத்து வையுங்கள். மூன்று, ஆறு இலக்கக் குறியீட்டை எவர் கேட்டாலும் கொடுக்காதீர்கள். தம்பி கேட்டால், தம்பியின் பழைய எண்ணுக்குப் பேசி, குரலைக் கேளுங்கள். நான்கு, வாட்ஸ்அப்பில் "இரண்டு படிச் சரிபார்ப்பு" என்பதை வைத்துக்கொள்ளுங்கள். செய்யத் தெரியவில்லை என்றால் வீட்டுப் பிள்ளைகளிடம் கேளுங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை. பணம் பறிபோய்விட்டால் தாமதிக்காமல் 997 என்ற எண்ணுக்கும் உங்கள் வங்கிக்கும் தகவல் கொடுங்கள்.

இன்னொன்று. பிள்ளையின் படத்தைப் போடுமுன் பிள்ளையையும் ஒரு வார்த்தை கேளுங்கள். நாளை வேலை தேடிப் போகும்போது அந்தப் படமும் கூடவே போகும். கோப்பையிலிருந்து மண்ணில் சிந்திய ரப்பர்ப் பாலை எந்தப் பால்வெட்டுக்காரராலும் திரும்ப எடுக்க முடியாது. முகநூலில் சிந்திய செய்தியும் அப்படித்தான்.

கதவைப் பூட்டி வைப்பவர் அண்டை வீட்டாரை வெறுப்பவர் அல்லர். வேண்டியவருக்குத் திறக்கத் தெரிந்தவர், அவ்வளவுதான்.