வெள்ளியும் பூமியும்



கல்விப் பணியிலேயே தம் ஆயுளைச் செலவிட்ட ஒரு பெரியவரின் நினைவாக நிகழும் இச்சொற்பொழிவில், விடியற்காலையிலோ அந்திப்பொழுதிலோ நம் எல்லோர் கண்ணிலும் படுவதாயினும் தன் உண்மை இயல்பை நெடுங்காலம் வெளிக்காட்டாத வெள்ளிக் கிரகத்தைப் பற்றிப் பேசும் வாய்ப்பை எனக்கு அளித்தமைக்கு முதற்கண் என் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

பூமிக்கு மிக நெருங்கி வரும் கிரகம் வெள்ளியே. அதன் விட்டம் ஏறத்தாழ 12,100 கிலோமீட்டர். பூமியின் விட்டம் 12,740. இவ்வொற்றுமையைக் கண்டும், வெள்ளியை மூடியுள்ள மேகங்களைத் தொலைநோக்கியால் ஊடுருவ இயலாமையாலும், அங்கே சதுப்பு நிலங்களும் செழித்த தாவரங்களும் இருக்கக்கூடுமென்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கருதியோருள் ஸ்வீடன் நாட்டு ரசாயன மேதை அரேனியஸும் ஒருவர். வாயுமண்டலத்தில் கரியமில வாயு மிகுந்தால் பூமியின் உஷ்ணம் எவ்வளவு உயருமென்று 1896இல் கணக்கிட்டவரும் அவரே.

வெள்ளியின் சுழற்சியே முதல் ஆச்சரியம். பூமி சுழலும் திசைக்கு எதிர்த்திசையில் அது சுழல்வதால், அங்கே சூரியன் மேற்கில் உதித்துக் கிழக்கில் மறையும். தன்னைத்தானே ஒருமுறை சுற்ற அதற்கு 243 நாட்களும், சூரியனை வலம்வர 225 நாட்களும் வேண்டும். நிலம் இவ்வளவு மந்தமாகச் சுழல, மேல்மண்டல மேகங்களோ நான்கே நாட்களில் கிரகத்தைச் சுற்றிவிடுகின்றன.

இதனினும் பெரிய விந்தை அதன் உஷ்ணம். தன்மேல் விழும் சூரிய ஒளியில் ஏறக்குறைய முக்கால் பங்கை மேகங்கள் திருப்பியனுப்பிவிடுவதால், சூரியனுக்கு நம்மைவிட அருகில் இருந்தும் வெள்ளி ஏற்கும் ஒளி பூமி ஏற்பதைவிடக் குறைவே. அப்படியிருந்தும், அதன் தரையின் வெப்பம் சுமார் 465 டிகிரி சென்டிகிரேட். ஈயம் உருகியோடும் வெப்பம். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பங்குக்கு மேல் கரியமில வாயுவாலான அதன் கனத்த வாயுமண்டலம் வெப்பத்தை வெளியேறவிடாமல் தேக்கிவைப்பதே இதற்குக் காரணம். அவ்வாயு தரையை அழுத்தும் அழுத்தம் பூமியிலுள்ளதைப்போல் தொண்ணூறு மடங்கு. மேலேயுள்ள மேகங்களோ நீர்த்துளிகள் அல்ல, கந்தகத் திராவகம்.

இவ்வுலையினுள் 1982 மார்ச் முதல் தேதியன்று இறங்கிய சோவியத் நாட்டின் வெனரா 13, முப்பத்திரண்டு நிமிஷங்கள் தாங்கினால் போதுமென்று அமைக்கப்பட்டிருந்தும், 127 நிமிஷங்கள் உயிர்த்திருந்து, தட்டையான பாறைப் பலகைகளையும், செம்மஞ்சள் நிற வானத்தையும், தன் காலடியில் கழன்று விழுந்த காமிராவின் மூடியையும் வர்ணப் படங்களாக அனுப்பியது. அரேனியஸ் எண்ணிய சதுப்பு நிலத்தின் சுவடே அங்கில்லை.

ஒரே சூரியனின் பிள்ளைகளான இவ்விரு கிரகங்களும் இவ்வாறு வேறுபட்டது ஏன்? பூமியில் கரியமிலமே இல்லையென்று எண்ணிவிடலாகாது. வெள்ளியின் வாயுமண்டலத்திலுள்ள அளவுக்கு ஒப்பிடத்தக்க கரியமிலம் பூமியிலும் உண்டு. ஆனால் மழைநீர் அதனைக் கரைத்துக் கடலுக்குக் கொண்டுசேர்க்க, கடலோ கோடிக்கணக்கான ஆண்டுகளாக அதனைச் சுண்ணாம்புப் பாறையாக்கிப் பூமிக்குள் புதைத்துவைத்தது. அரியலூரில் நாம் வெட்டியெடுத்துச் சிமெண்டாக்கும் கல்லும் ஒரு பழைய கடல் சேமித்த அக்கரியமிலமே. நீரை இழந்துவிட்ட வெள்ளியிலோ இத்தொழில் நடைபெற வழியில்லாமற்போயிற்று.

நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்து, பூமி புதைத்துவைத்ததை நாம் மீண்டும் காற்றில் கலக்கின்றோம். இதனால் பூமி மற்றொரு வெள்ளியாகிவிடுமென்று நான் அச்சுறுத்தவில்லை. அதற்கு நெடுந்தூரம் முன்னரே, சிறிதளவு உஷ்ணம் ஏறினும் விளைநிலமும் கடற்கரையும் தாங்கா என்பதையே வற்புறுத்துகின்றேன்.

வெள்ளியைச் சுற்றிவந்து ஆராயும் விண்கலம் ஒன்றை அனுப்ப நம் அரசாங்கம் 2024இல் அனுமதி அளித்துள்ளது. அது சேகரிக்கப்போகும் செய்திகளைப் படித்துப் பொருளறியும் தகுதியை, இங்கே வீற்றிருக்கும் மாணவ நண்பர்கள் பௌதிகத்தையும் ரசாயனத்தையும் ஊன்றிக் கற்று இப்பொழுதே தேடிக்கொள்ள வேண்டுமென்று அன்புடன் கேட்டுக்கொண்டு அமைகின்றேன்.