குருதிக்குழாயின் சுவர்



பல ஆண்டுகளுக்கு முன், காலைக்கூட்டத்தில் வெயிலில் நெடுநேரம் நின்ற மாணவன் ஒருவன் மயங்கிச் சாய்ந்தான். ஆசிரியர் இருவர் அவனைத் தாங்கி நிமிர்த்திப் பிடித்தனர். அவ்வாறு பணித்தவன் நானே. அவன் முகம் மேலும் வெளிறியது. கலைப் பட்டதாரியாகிய நான் உடற்றொழிலியல் நூலைப் புரட்டியது அதன் பின்னரே.

குருதிக்குழாய்களை நாம் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் குழாய்களைப்போல எண்ணிவிடுகின்றோம். அவை வெறுங்குழாய்கள் அல்ல. நாடிகளின் சுவரில், நம் விருப்புக்கு அடங்காத தசை வளையமாக அமைந்துள்ளது. அது சுருங்கினால் குழாய் ஒடுங்கும், தளர்ந்தால் அகலும். சிறு குழாயொன்றின் விட்டம் பாதியானால், அதனூடு பாய்வது பாதியாவதில்லை. ஏறத்தாழப் பதினாறில் ஒரு பங்காகிவிடும்.

இத்தசைக்கு ஆணையிடுவது யாது? 1851ஆம் ஆண்டில் பிரான்சிய அறிஞர் குளோட் பேர்னார், முயலொன்றின் கழுத்திலுள்ள பரிவு நரம்பை வெட்டினார். அப்பக்கத்துக் காது சூடேறியது. நரம்பின் ஆணை அற்றதும் சுவர்கள் தளர்ந்து, குருதி மிகுதியாகப் பாய்ந்தமையே அதற்குக் காரணம்.

நாம் எழுந்து நிற்குந்தோறும் ஏறத்தாழ அரை லீற்றர் குருதி கீழ்நோக்கி இறங்குகின்றது. உடனே நரம்பு ஆணையிட, சுவர்கள் சுருங்கி அமுக்கத்தைக் காத்து, மூளைக்குக் குருதி குன்றாது பார்த்துக்கொள்கின்றன. ஆனால் வெயிலிலோ, வெப்பத்தை வெளியேற்றத் தோலின் குழாய்கள் அகலவேண்டியிருக்கின்றது. அசையாது நிற்பவனின் கெண்டைக்கால் தசைகளும் குருதியை மேலே தள்ளுவதில்லை. ஒரு கட்டத்தில் சுவர்கள் திடீரெனத் தளர்கின்றன. இதயத் துடிப்பும் மந்தமாகின்றது. பிள்ளை வீழ்கின்றது.

அவ்வீழ்ச்சியே இயற்கை தரும் பரிகாரம். படுத்த நிலையில் குருதி மூளையை எளிதில் அடைகின்றது. அதையன்றோ நான் தடுத்தேன்!

ஆகவே, மயங்கியவரை நிமிர்த்தாதீர்கள். மல்லாக்கக் கிடத்திக் கால்களைச் சற்று உயர்த்துங்கள். விரைவில் தெளியாவிடினும், ஓடும்போது மயங்கினாலும், தாமதியாது வைத்தியரை நாடுங்கள்.

எங்கள் காலைக்கூட்டம் இப்பொழுது மரநிழலில், சிறிது நேரமே நடைபெறுகின்றது. அன்று அம்மாணவனைக் கோழை என்று கடிந்தேன். அவன் கோழையல்லன், அவனுடைய குருதிக்குழாய்கள் தம்மால் இயன்றவரை அவனைத் தாங்கி நின்றன. அறியாதிருந்தவன் நானே.