நாயின் குலம்

நாய் வளர்ப்பவர் வீட்டுக்கு விருந்தினராகச் செல்வோர் முதன்முதலாகக் கேட்கும் கேள்வி, “இது என்ன ஜாதி?” என்பதே. அதன் பெயரைக் கூடப் பிறகுதான் கேட்பார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் அடுத்த வீட்டு மாணவன் ஒருவன் வெள்ளை வெளேரென்ற குட்டி ஒன்றை ஏந்திக்கொண்டு வந்தான். “ஐயா, ராஜபாளையம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். உண்மைதானா, பார்த்துச் சொல்லுங்கள்” என்றான். மூக்கு இளஞ்சிவப்பு, உடம்பில் ஒரு கறுப்பு மயிர் இல்லை. “ஆம்” என்று சொல்லிவிட்டேன். அந்த அவசரத்தை எண்ணி இன்றும் நாணுகிறேன்.

தென்பாண்டிச் சீமையின் நாய்களை ஓரளவு கண்ணால் பிரித்தறியலாம் என்பது மெய்தான். ராஜபாளையம் நாய் பால்வெண்மை நிறத்தது. உயரமும் எலும்பு வலிவும் உடையது. சிப்பிப்பாறை நாய் ஒடுங்கிய வயிறும் நீண்ட கால்களும் கொண்டு, முயலைத் துரத்துவதற்கென்றே வார்த்தாற்போல இருக்கும். கன்னி நாய்க்கும் ஏறக்குறைய அதே உடற்கட்டுதான். ஆனால் கறுப்பு மேனியில் பழுப்புத் திட்டுகள் காணப்படும். கோம்பை நாய் செம்பழுப்பு நிறமும் கறுத்த முகமும் உடையது. ராஜபாளையம் நாயின் உருவத்தை இந்திய அஞ்சல் துறை 2005-ஆம் ஆண்டில் தபால் தலையிலும் பொறித்தது. ஆனால் வளர்ந்த நாயிடம் காணும் இவ்வடையாளங்களைக் குட்டியிடம் தேடுவது, முளையைப் பார்த்துக் கனியின் சுவையைச் சொல்வது போன்றது.

கலப்பிலே பிறந்ததாயின் கண் இன்னும் அதிகமாக ஏமாறும். அமெரிக்காவில் மெயின் மாநிலத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் ஸ்காட், ஃபுல்லர் என்னும் இரு அறிஞர்கள், ஆப்பிரிக்க நாட்டு பசெஞ்சி நாயையும் காக்கர் ஸ்பேனியல் நாயையும் இணையவிட்டுத் தலைமுறை தலைமுறையாக ஆராய்ந்தார்கள். அவர்களுடைய நூல் 1965-இல் வெளிவந்தது. முதற் கலப்பில் பிறந்த குட்டிகள் தாயையும் ஒக்கவில்லை, தந்தையையும் ஒக்கவில்லை. அக் குட்டிகளுக்குப் பிறந்தவையோ ஒன்றையொன்று ஒவ்வாமல் பலவிதமாக இருந்தன. அவற்றைத் தெருவில் காண்பவன் என்னென்ன குலப்பெயர் சூட்டியிருப்பான், எண்ணிப் பாருங்கள்!

இதன் காரணம் பின்னர் தெளிவாயிற்று. நாயின் உயிரணுவில் 39 இணை நிறமூர்த்தங்கள் உள்ளன. அவற்றில் அமைந்த எத்தனையோ ஆயிரம் மரபணுக்களில் மிகச் சிலவே புறத்தோற்றத்தை ஆளுகின்றன. மயிர் குட்டையா நீளமா, சுருளா நேரா என்பவற்றில் பெரும்பகுதியை மூன்றே மரபணுக்கள் தீர்மானிக்கின்றன என்று 2009-இல் கண்டறிந்தார்கள். ஆகவே மயிரைக் கண்டு குலத்தைச் சொல்வது, அட்டையைக் கண்டு நூலின் பொருளைச் சொல்வதாகும்.

இப்பொழுது கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சினால் துடைத்தெடுத்து மரபணுச் சோதனை செய்கிறார்கள். நல்ல கருவிதான். ஆயினும் தன் ஒப்பீட்டுப் பட்டியலில் இல்லாத இனத்தை அது சொல்லமாட்டாது. நம் தெரு நாய்க்கு அது என்ன பெயர் சொல்லும்? அதைக் ‘கலப்பு’ என்று நாம் இகழ்கிறோம். ஆனால் இன்று நாம் காணும் மேனாட்டு இனங்களிற் பெரும்பாலானவை சென்ற இருநூறு ஆண்டுகளுக்குள் வரையறுக்கப்பட்டவை; ஊர் நாய்களின் வழியோ அதனினும் பன்மடங்கு பழமையானது.

இனி அந்தக் குட்டியின் கதைக்கு வருவோம். ஆறு மாதமாயிற்று. கூப்பிட்டால் வருவதில்லை, அதட்டினால் அஞ்சுவதில்லை. “அசல் ராஜபாளையம் இப்படியா இருக்கும்? ஏமாற்றிவிட்டார்கள்” என்றார் பையனின் தந்தை. நாயைக் கொண்டுபோய் எங்கேனும் விட்டுவிடுவதென்று முடிவும் செய்துவிட்டார். குணமும் குலத்தைப் பொறுத்ததே என்பது அவர் கொள்கை. பதினெட்டாயிரத்துக்கு மேற்பட்ட நாய்களைப் பற்றிய செய்திகளைத் திரட்டி 2022-இல் வெளியிடப்பட்ட ஆராய்ச்சியோ, தனி நாயின் நடத்தை வேற்றுமையில் ஏறத்தாழ நூற்றுக்கு 9 பங்கையே இனம் விளக்குகிறது என்று காட்டிற்று. அதை அவரிடம் சொன்னேன். செவிசாய்த்தாரில்லை.

அப்போதுதான் ஓர் ஐயம் எழுந்தது. குட்டி மறுபுறம் பார்த்துக்கொண்டிருக்கையில் பின்னாலிருந்து கைதட்டினேன். தாம்பாளத்தைக் கரண்டியால் தட்டினேன். காது அசையவில்லை. தரையை மிதித்தபோது மட்டும் அதிர்ச்சியை உணர்ந்து திரும்பியது. பாவம், அது செவிடு!

வெள்ளை நாய்கள் எல்லாம் செவிடல்ல. ஆனால் மேனியை வெண்மையாக்கும் அதே குறை, சில குட்டிகளின் உட்செவியிலும் நிறமிச் செல்கள் இல்லாமற் செய்துவிடுகிறது. அவை இல்லையேல் கேட்கும் உறுப்பு பிறந்த சில வாரங்களிலேயே அழிந்துபோகிறது. டால்மேஷியன் நாய்களிலும் இது நன்கு அறியப்பட்ட குறைதான். ஆக, குட்டியின் நிறமே எனக்கு வேண்டிய செய்தியைச் சொல்லிக்கொண்டிருந்தது. நான்தான் பெயரை மட்டும் தேடிக்கொண்டிருந்தேன்.

பையன் கைச்சாடையால் பழக்கத் தொடங்கினான். உள்ளங்கையை உயர்த்தினால் உட்காரவேண்டும். மார்பைத் தொட்டால் வரவேண்டும். இரவில் கைவிளக்கை இருமுறை மின்னச் செய்வான். மூன்றாவது வாரத்தில் தோட்டத்தின் மறுகோடியிலிருந்து அது ஓடிவந்ததைத் தந்தையார் திண்ணையிலிருந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாட் காலையில், யாரும் காணவில்லை என்று எண்ணி, அவரும் மார்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.