கோபுரம் பார்த்து வலை போடுகிறவர்கள்



கடற்கரை மக்களைப் பற்றிப் பேச ஒரு நொய்யல்கரைக்காரனைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். கடலுக்கும் நமக்கும் என்னங்க உறவு? சந்தையில் வாங்குகிற கருவாடு என்பீர்கள். அதுவும் உறவுதான். ஆனால் அதைவிடப் பழையது ஒன்று உண்டு. சென்னிமலைக்குப் பக்கத்தில், இதே நொய்யல் கரையில், கொடுமணலைத் தோண்டியபோது கல்மணிகளோடு சங்கு வளையல் துண்டுகளும் கிடைத்தன. நொய்யலில் எங்கே வளையல் சங்கு விளைகிறது? கடலில் எவனோ மூச்சடக்கி மூழ்கினான். கொங்குப் பெண்ணின் கையில் வளையல் குலுங்கியது. தென்கடலில் அப்படி மூழ்கிச் சங்கும் முத்தும் எடுத்தவர்கள் பரதவர்கள். அவர்களுடைய சாமியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

பரதவர் எப்படிக் கிறிஸ்தவர் ஆனார்கள் என்று கேட்டால், சவேரியார் வந்தார், மாற்றினார் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். ஆண்டைக் கொஞ்சம் பாருங்கள். பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தது 1542இல். அதற்கு ஐந்தாறு ஆண்டு முன்பே பரதவர்கள் தலையில் ஞானஸ்நானத் தண்ணீர் விழுந்துவிட்டது. முத்துச் சலாபத்தில், அதாவது முத்துக்குளிப்பில், யார் கை ஓங்குவது என்று முஸ்லிம் வணிகர்களோடு மூண்ட சண்டை முற்றியபோது, பரதவத் தலைவர்கள் தாங்களாகவே கொச்சிக்குப் போனார்கள். ஜோவாம் த குரூஸ் என்ற குதிரை வணிகர் வழிகாட்டினார். போர்ச்சுக்கீசியர் காவல் தர வேண்டும், பரதவர்கள் அவர்களுடைய வேதத்தில் சேர வேண்டும். அதுதான் ஒப்பந்தம்.

“அப்படியானால் அது பேரம்தானே?” என்று கேட்கலாம். பேரம்தான், மறைக்கவில்லை. ஆனால் 1658இல் டச்சுக்காரன் தூத்துக்குடியைப் பிடித்தான். அவனுக்குக் கத்தோலிக்கம் ஆகாது. பரதவர்களைத் தன் சபைக்கு இழுத்துப் பார்த்தான். முத்துக்கடலும் இப்போது அவன் பிடியில். வெறும் பேரமாக இருந்திருந்தால் அன்றைக்கு மறுபேரம் பேசியிருக்க வேண்டாமா? பேசவில்லையே! தூத்துக்குடியின் மரியன்னையான பனிமய மாதாவை விட்டு அவர்கள் நகரவில்லை. நூற்றிருபது ஆண்டுக்குள் அந்தப் பேரம் பக்தியாகியிருந்தது.

எப்படி ஆயிற்று? தமிழால் ஆயிற்று என்பது என் கட்சி. சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. ஆள் வைத்து மந்திரங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, கைமணி அடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் பிள்ளைகளைக் கூட்டினார். அவருக்குப் பின் வந்த அன்றீக் அடிகளார் தமிழையே கற்றார். 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சானது. மொத்தம் 16 பக்கம். இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் அது. பரதவர்களுக்காக வந்த புத்தகம். அச்சு வேலைக்குப் பணம் திரட்டிக் கொடுத்ததும் அவர்களே. புத்தகக் கண்காட்சியில் பை பையாக வாங்கிக்கொண்டு திரும்புகிறோமே, அந்தக் கணக்கின் முதல் வரியில் ஒரு கடற்கரைக்காரனின் காசு இருக்கிறது.

பழையது முழுக்கப் போய்விட்டதா என்றால், அதுவும் இல்லைங்க. பட்டினப்பாலையில் முழுநிலா நாளன்று பரதவர் கடலுக்குப் போகமாட்டார்கள். சுறாவின் கொம்பை நட்டுக் கும்பிட்டுவிட்டு, கள் குடித்து ஆடிக் களிப்பார்கள். இன்று ஞாயிற்றுக்கிழமை வள்ளங்கள் கரையில் கிடக்கின்றன. நாள் மாறியது, கொம்பு இருந்த இடத்தில் சிலுவை நிற்கிறது. கடலுக்கும் ஒரு நாள் ஓய்வு கொடுக்க வேண்டும் என்கிற எண்ணம் மாறவில்லை.

எல்லாம் பால்போல் வெள்ளை என்று சொல்ல மாட்டேன். பிடித்த மீனில் கோவிலுக்குப் பங்கு உண்டு. சுறாவின் துவி, அதாவது துடுப்பு, நல்ல விலை போகும். அதைக் கோவில் எடுத்துக்கொண்ட வழக்கத்துக்குத் துவிக்குத்தகை என்று பெயர். இடிந்தகரையில் அதை எதிர்த்து எழுந்தார்கள். ஒரு பகுதியினர் சபையை விட்டே விலகினார்கள். சாமியிடம் கோபித்துக்கொள்ளவும் தெரிந்தவர்கள் அவர்கள். ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’ படித்தவர்களுக்கு இந்தக் கோபம் பழக்கம்.

இன்னொன்று சொல்லி அமர்கிறேன். கரையோரத்தில் ‘கணியம்’ என்று ஒரு வித்தை. நடுக்கடலில் மீன் மண்டும் பார், அதாவது கடலடிப் பாறைத்திட்டு, எங்கே இருக்கிறது என்று மேலிருந்து தெரியாது. கட்டுமரத்தில் நின்றுகொண்டு கரையைத் திரும்பிப் பார்ப்பார்கள். ஒரு மலையும் ஒரு பனையும் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும். இன்னொரு பக்கம் கோவில் கோபுரமும் ஒரு மேடும் நேராக வர வேண்டும். இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் வலையை இறக்குவார்கள். இப்போது ஜிபிஎஸ் வந்துவிட்டது, கருவி எண்ணைக் காட்டுகிறது.

ஆகஸ்ட் 5ஆம் தேதி தூத்துக்குடியில் பனிமய மாதா திருவிழா. நம் கருமத்தம்பட்டி மாதா கோவில் தேர் பார்த்த கண்ணோடு ஒருமுறை போய் வாருங்கள். கும்பிட்டுவிட்டு அப்படியே கரைக்குப் போய், வயதான கடலோடி ஒருவரிடம் கேளுங்கள்: “ஐயா, இந்தக் கோபுரத்தை எந்தப் பனையோடு சேர்த்துப் பார்ப்பீங்க?”