புழக்கடையில் ஒரு சாரப்பருப்பு மரம்
(உழவர் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



வீட்டைச் சுற்றி முருங்கையும் கறிவேப்பிலையும் வைக்காத உழவர் குடும்பம் அரிது. அவற்றோடு நம் நாட்டுக்கே உரிய கொட்டை மரம் ஒன்றையும் வைக்கலாம் என்று சொல்லவே வந்துள்ளேன். அதுதான் சாரப்பருப்பு மரம். பாயசத்திலும் அல்வாவிலும் தூவும் அச்சிறு பருப்பை நாட்டு மருந்துக் கடைகளில் பார்த்திருப்பீர்கள். இது மா, முந்திரி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. முந்திரி பிரேசில் நாட்டிலிருந்து வந்தது; இதுவோ இம்மண்ணின் மரம். மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா மாநிலக் காடுகளில் மிகுதியாக உள்ளது. நம் கிழக்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் இவ்வினத்து மரங்கள் உண்டு.

காட்டில் கிடைப்பதை வீட்டில் ஏன் வளர்க்க வேண்டும் என்று கேட்கலாம். காட்டு மரம் பொதுமரம். "நாம் விட்டால் அடுத்தவர் பறித்துவிடுவார்" என்ற அச்சத்தில் பச்சைக் காயாகவே உருவிவிடுகின்றனர். கிளையோடு வெட்டுவோரும் உண்டு. முற்றாத காயில் பருப்பு சுருங்கிவிடும். அதற்கு விலையும் குறைவு. விதை கீழே விழுந்து முளைக்கவும் வழியில்லை. இதனால் மரங்கள் ஆண்டுக்காண்டு குறைகின்றன. நம் வேலிக்குள் நிற்கும் மரத்திற்கு அந்தப் போட்டி இல்லை. பழுக்கும்வரை பொறுத்திருக்கலாம். வீட்டில் வளர்ப்பதன் பெரும் நன்மை இதுவே.

செம்மண், சரளை மண், பாறை கலந்த மேட்டு நிலம் ஆகியவற்றில் இது வளரும். தண்ணீர் தேங்கும் இடம் ஆகாது; ஆகவே சாக்கடை நீர் பாயும் மூலையில் நட வேண்டாம்.

கடையில் ஓடு நீக்கி விற்கும் பழைய பருப்பை நம்பி விதைக்க வேண்டாம். நன்கு பழுத்துக் கறுத்த பழங்களை ஓர் இரவு நீரில் ஊற வைத்து, சதையைத் தேய்த்துக் கழுவிக் கொட்டைகளை எடுத்து, காலம் தாழ்த்தாமல் விதைக்க வேண்டும். நாளாக ஆக முளைப்புத் திறன் குறையும். ஓடு மிகக் கடினமானது. உள்ளிருக்கும் பருப்பு நசுங்காமல் ஓட்டில் மட்டும் கீறல் விழும்படி மெல்லத் தட்டி விதைத்தால் விரைவில் முளைக்கும். இதன் ஆணிவேர் ஆழமாக இறங்கும். ஆதலால் பாத்தியில் விதைத்துப் பிடுங்கி நடுவதைவிட, உயரமான பாலிதீன் பைகளில் விதைப்பதே நல்லது.

இரண்டடி நீள, அகல, ஆழமுள்ள குழி எடுத்து, மேல்மண்ணுடன் மக்கிய தொழுவுரம் கலந்து நிரப்பி, மழை தொடங்கியதும் வேர் அறாமல் நடுங்கள். ஒன்றுக்கு மேல் நட்டால் 8 மீட்டர் இடைவெளி தேவை. முதல் இரண்டு கோடைகளில் உயிர்த் தண்ணீர் விட்டு, மூடாக்கு இடுங்கள். ஆடு, மாடு கடிக்காமல் முள் அடைப்பு மிகவும் அவசியம். கன்று மார்பளவு வந்ததும் நுனியைக் கிள்ளி, நாலைந்து பக்கக் கிளைகளை விட்டால் மரம் தாழ்ந்து படரும், கையால் பறிக்கலாம்.

விதைக்கன்று காய்க்கச் சில ஆண்டுகள் ஆகும். ஒட்டுக்கன்று முந்திக் காய்க்கும். குஜராத் மாநிலம் வெஜல்பூரில் உள்ள மத்தியத் தோட்டக்கலைச் சோதனை நிலையம் 'தார் பிரியா' என்னும் இரகத்தை உருவாக்கியுள்ளது. நல்ல ஒட்டுக்கன்று கிடைத்தால் அதையே நடலாம்.

தை முதல் பங்குனி வரை பூக்கும். அப்போது பூச்சிமருந்து தெளித்தால் தேனீக்கள் மடியும்; தெளிக்க வேண்டாம். சித்திரை, வைகாசியில் பழம் கறுக்கும். கறுத்ததை மட்டும் பறியுங்கள். இனிப்பும் புளிப்பும் கலந்த சதையைக் குழந்தைகள் விரும்பி உண்பார்கள். கொட்டையை நன்கு காய வைத்து, கல் திருகையில் இட்டு உடைத்து, முறத்தில் புடைத்தால் பருப்பு தனியாகும். பருப்பில் ஏறத்தாழப் பாதி எண்ணெய்ச் சத்து இருப்பதால் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். ஆகவே கொட்டையாகவே சேமித்து, தேவைப்படும்போது உடைத்துக்கொள்ளுங்கள். விற்பதானாலும் வீட்டிலேயே உடைத்துப் பருப்பாக விற்றால், ஓட்டோடு விற்பதைவிடக் கூடுதல் விலை உங்கள் கைக்கே வரும்.

ஒரு மரத்தால் கடன் தீர்ந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வேறெதுவும் வராத சரளை மேட்டில் இது நிற்கும். வரும் பருவமழைக்கு வீட்டுக்கு இரண்டு கன்றாவது நட்டு, காய்க்கும் காலத்தில் பழம் கறுக்கும்வரை பொறுத்திருந்து பறியுங்கள் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.