ஊசிக்கு முன் தேடல்

நாற்பது வயதைக் கடந்த ஒருவரின் எலும்பில் எக்ஸ்ரே ஓர் அரிப்பைக் காட்டினால், அது அங்கேயே முளைத்த கட்டியாக இருப்பதைவிட நுரையீரல், மார்பகம், புராஸ்டேட், சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றில் ஒன்றிலிருந்து வந்து தங்கிய புற்றாகவோ, மைலோமாவாகவோ இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆயினும் உடனே அந்த எலும்பில் ஊசி செலுத்திப் பயாப்சி எடுத்துவிடும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. பயாப்சி இன்றியமையாதது, ஆனால் அதன் இடம் தேடலின் முடிவில். இக்கருத்தரங்கின் தொடக்கத்தில் நான் சொல்ல விரும்புவது இதுவே.

1993இல் ரூக்ராஃப் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. மூலம் தெரியாத எலும்புப் பரவல் கொண்ட 40 பேரிடம் நோய் வரலாறு, உடற்பரிசோதனை, இரத்தப் பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே, எலும்பு ஸ்கேன், மார்பு, வயிறு, இடுப்புக்கான சிடி ஸ்கேன், பிறகு பயாப்சி என்று வரிசையாகச் சென்றதில் 85 விழுக்காட்டினருக்கு மூலம் தெரிந்தது. பயாப்சியை மட்டும் நம்பியிருந்தால் அது 35 விழுக்காட்டோடு நின்றிருக்கும். எந்த உறுப்பிலிருந்து வந்தாலும் சுரப்பிப் புற்று நுண்ணோக்கியில் ஏறத்தாழ ஒரே முகம் காட்டுவதுதான் காரணம்.

இன்று நோயெதிர்ப்புச் சாயங்கள் வந்துவிட்டனவே என்பர். உண்மை, ஆனால் எந்தச் சாயத்தை முதலில் இடுவது என்பதை நோயியலாளர் நாம் தரும் மருத்துவக் குறிப்பைக் கொண்டே முடிவு செய்கிறார். பெட் ஸ்கேன் ஒன்றே போதாதா என்பாருக்கு: காசநோயும் அதில் ஒளிர்கிறது, புராஸ்டேட் புற்று சில வேளை மங்கிவிடுகிறது. காசநோய் மிகுந்த நம் நாட்டில் எடுத்த திசுவை நோயியல் கூடத்துக்கு மட்டுமின்றிக் கிருமி வளர்ப்புக்கும் அனுப்புவது கடமை. தேடினால் காலம் வீணாகும் என்ற அச்சமும் பெரிதல்ல. முதற்கட்டச் சோதனைகள் சில நாள்களில் முடிபவை. தண்டுவடம் அழுந்திக் கால் தளரும் நோயாளி மட்டுமே விதிவிலக்கு. அங்கே காத்திருக்க இடமில்லை.

ஏற்கெனவே பரவிவிட்ட நோய்க்கு மூலம் எதற்கு என்ற கேள்வியே கனமானது. மூலம் தெரிந்தால்தான் மருந்து தெரியும்: புராஸ்டேட்டுக்கு ஹார்மோன் சிகிச்சை, தைராய்டுக்குக் கதிரியக்க அயோடின், மைலோமாவுக்கு அதற்கே உரிய மருந்துகள். சிறுநீரகப் புற்றின் பரவலோ கத்தி பட்டால் பெருக்கெடுத்து இரத்தம் சிந்தும். அதை முன்னரே அறிந்தவர் இரத்தக் குழாயை அடைத்துவிட்டே அறுவையைத் தொடங்குவார். பரவல் என்று எண்ணித் தொடை எலும்பில் கம்பி செருகியபின் அது சார்கோமா என்று தெரியவந்தால், மஜ்ஜை நெடுகப் புற்றணுக்களைப் பரப்பிய பழி நம்முடையது. மேன்கின் குழுவினர் 1996இல் 597 நோயாளிகளின் பயாப்சிகளை ஆராய்ந்தபோது, பயாப்சியில் நேர்ந்த கோளாறுகளால் அவர்களில் 18 பேர் தேவையற்ற உறுப்பு நீக்கத்துக்கு ஆளாகியிருந்தனர்.

இத்தேடலின் முதற்படிக்குப் பெரிய இயந்திரம் வேண்டாம். ஊசியை எடுக்குமுன் தைராய்டையும் மார்பகத்தையும் புராஸ்டேட்டையும் விரலால் சோதியுங்கள். ஒரு மார்பு எக்ஸ்ரே எடுங்கள். இந்த வேண்டுகோளுடன் கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.